தகரக் கொட்டகையில் வந்த அருள்

சின்னம்மை என்கிற பேரைப் பாலாமணி முதன்முதலாகக் காதில் வாங்கியது இருளப்பன் வாயிலிருந்துதான். தேவர்சோலைக்கு மேலே, சர்க்கார் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்புகிற முக்கில் பாலாமணிக்கு டீக்கடை. பெரியப்பா மகன் பொன்ராஜ் அன்னூரிலிருந்து மலையேறி வந்து காய்கறி வியாபாரம் பிடித்தான். அவன் பின்னாலேயே பாலாமணியும் அவள் புருஷன் மூக்கனும் வந்தார்கள். மூக்கன் லாரிக்குப் போய்விடுவான். கடை இவள் பாடு.

தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில் இருந்ததெல்லாம் சிலோனிலிருந்து திரும்பி வந்த ஜனம். அவர்களுக்கு இருளப்பன் தலைவர் மாதிரி. அன்றைக்கு அவர் கடைக்குள் நுழைந்ததே திருவிழாவுக்கு வந்தவர் போல இருந்தது.

"எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்து தங்கச்சி. எங்க சின்னம்மை வந்துட்டா! மண்டபம் முகாம்ல இருந்து இன்னைக்குத்தான் வந்து எறங்கியிருக்கா. இனி எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல."

"யாருங்க அது? உங்க ஒறம்பரைங்களா?"

"ஒறவுக்கு மேல. எங்க மாரியாத்தா எறங்குற ஒடம்பு அவ."

பதுளைப் பக்கத்தில் அவர்கள் இருந்த தோட்டத்தில் சின்னம்மை மேல் அம்மன் வந்தால் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களமே அடங்கி நிற்குமாம். துரை பங்களாவில் காணாமல் போன வெள்ளிக் கரண்டியை எந்தத் தண்ணிக் கானில் கிடக்கிறது என்று சொன்னாளாம். கங்காணி பெண்டாட்டிக்குத் தலைப்பிள்ளை தங்காது, அடுத்தது தங்கும் என்றாளாம். அப்படியே ஆயிற்றாம். அந்தத் தோட்டத்துக் கோயிலில் இருந்து பிடிமண் எடுத்து, பால்மா டின்னில் போட்டு, கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர் இருளப்பன். இங்கே ஒரு காட்டு மரத்தடியில் மண்ணைப் போட்டுக் கல்லை நட்டுவிட்டார். ஆனால் அவர்கள் வழக்கப்படி அம்மன் சாமியாடி மேல் இறங்கி உத்தரவு கொடுத்தால்தான் காப்புக் கட்டலாம். அதுவரைக்கும் கல் வெறும் கல்தான்.

இதையெல்லாம் கேட்ட பாலாமணி, வரப்போகிறவள் ஆறடி உயரம் இருப்பாள், கண்ணைப் பார்த்தால் பயமாக இருக்கும் என்று மனசில் போட்டு வைத்திருந்தாள். வந்தது ஒரு ஒடிசலான பொம்பளை. நல்ல மழை நாள். கொழுந்து எடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் கடைப் பலகையில் வந்து உட்கார்ந்தாள். கூட மகன் சங்கிலி. பாலாமணி கீழே பார்த்தால் தரையில் ரத்தம்.

"ஏனுங்க்கா, கால்ல அட்டைங்க!"

கணுக்காலில் அட்டைகள் நாவற்பழமாக ஊதித் தொங்கின. சின்னம்மை குனிந்து, யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஓ," என்றாள்.

பாலாமணியே உப்பை அள்ளிக்கொண்டு வந்து வைத்தாள். அட்டைகள் சுருண்டு விழுந்தன.

"வலிக்கலீங்களா?"

"தெரியல தங்கச்சி."

அதற்கப்புறம் தினமும் அந்தப் பலகையில்தான் வந்து உட்காருவாள். அதிகம் பேசமாட்டாள். கேட்டால் கேட்டதற்குப் பதில். சின்னம்மைக்கு இரண்டு பிள்ளைகள். சங்கிலி இளையவன். மூத்தவள் வேலாயி. அவளைக் கட்டியவனுக்கு அந்த நாட்டுப் பிரஜை என்று ஆகிவிட்டதால் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். இவர்களுக்கு இந்தியா என்று ஆகிவிட்டது. பதுளையில் கோச்சி ஏறும்போது ஏறினவர்களும் அழுதார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுதார்கள். அந்த ரயிலுக்கே அழுகைக் கோச்சி என்று பேர். வேலாயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தாளாம்.

"நீங்களும் அழுதீங்களாக்கா?"

"இல்ல. எல்லாரும் அழுதாங்க. நான் அவ காலத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். தடுக்கி விழுந்துருவாளோன்னு."

அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அந்த மாசியில் இருளப்பன் கல்லுக்கு முன்னால் தப்பு அடிக்கச் சொன்னார். சின்னம்மைக்கு மஞ்சள் தண்ணி ஊற்றி, கையில் வேப்பிலை கொடுத்து நிறுத்தினார்கள். தப்பு அடிக்கிறவர்கள் கை வீங்குகிற மட்டும் அடித்தார்கள். அவள் பஸ்ஸுக்கு நிற்பவளைப் போல நின்றாள். நடுவில் ஒரு தடவை பக்கத்தில் திரும்பி, இன்னும் நிற்கவா என்று கேட்பது போலப் பார்த்தாள். அடுத்த மாசியிலும் அதே கதை. கடல் தாண்டினால் சாமி தீட்டுப் பார்க்கும், போகப் போக வரும் என்று பெரியவர்கள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அவளை யாரும் குறை சொல்லவில்லை. காத்திருந்தார்கள்.

அப்புறம் எண்பத்து மூணு ஆடியில் அங்கே கலவரம் என்று ரேடியோவில் சொன்னார்கள். லயத்தில் அக்காளையோ அண்ணனையோ அங்கே விட்டுவராத வீடே கிடையாது. தபால் நின்றுபோயிற்று. ஜனம் வேலைக்குப் போனது, வந்தது, அடுப்பு மூட்டியது. பாலாமணி கடையில் ரேடியோப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். சின்னம்மையும் நின்றாள். வேலாயி பேரை அவள் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை.

சின்னம்மைக்கு அடுத்த காம்பரா அறையில் கருப்பம்மா இருந்தாள். அவள் புருஷன் அழகையா, படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பனை விட்டு வரமுடியாமல், "அப்பன் கண்ணு மூடுனதும் அடுத்த கப்பல்ல வர்றேன்" என்று அங்கேயே தங்கினவன். ஆடிக்கப்புறம் அவனைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. அவன் இருந்த லயம் எரிந்துபோயிற்று என்று யாரோ யாரிடமோ சொன்னதாக மட்டும் வந்தது. கருப்பம்மா தினமும் காலையில் குங்குமத்தைப் பெருவிரலில் தொட்டு, கண்ணாடி முன்னால் நிற்பாள். வைக்கவா வேண்டாமா என்று நின்று, கடைசியில் சின்னதாக ஒரு பொட்டு வைப்பாள்.

அழகையாவின் தம்பி ராசு நல்லவன்தான். ஆனால் அண்ணன் செத்திருந்தால் தண்ணி காட்டாமல் விட்ட பாவம் தன் தலையில் என்ற பயம் அவனை அரித்தது.

"மதினி, தை அமாவாசை வருது. அதுக்குள்ள ஆத்தா வாயத் தொறந்து சொல்லணும். சொல்லலேன்னா நான் எள்ளுந் தண்ணியும் எறைச்சிருவேன். ஆவி நாக்கு வறண்டு அலையக் கூடாது. நீங்களும் தாலியக் கழட்டிர வேண்டியதுதான்," என்று பெரியவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டான். பெரியவர்களும் தலையாட்டினார்கள்.

கருப்பம்மா நேரே சின்னம்மையிடம் வந்து நின்றாள். பாலாமணி கடையில் வைத்துத்தான்.

"அக்கா, ஆத்தாளக் கேட்டுச் சொல்லு. கழட்டவா, வச்சுக்கவா? நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"வந்தாக் கேக்குறேன்," என்றாள் சின்னம்மை.

"எப்ப வருவா?"

சின்னம்மை கிளாஸைத் தள்ளி வைத்தாள். டீ ஆறி ஆடை கட்டியது.

மார்கழியில் தேவர்சோலை ரோட்டோரத் தகரக் கொட்டகையில் புதுப் படம் மாற்றினார்கள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி உண்டு. நோட்டீஸில் ஒரு பொம்பளை தலைமுடியை விரித்துப் போட்டு, கண் வெள்ளையாகி, நெற்றியிலிருந்து மின்னல் பாய்கிற மாதிரி நின்றாள். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். லயத்து ஜனம் எழுத்தைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தது. அம்மன் படம் வந்திருக்கிறது என்று சனிக்கிழமைக்குள் கடைசிக் காம்பரா வரைக்கும் சேதி போய்விட்டது.

"சின்னம்மையக் கூட்டிட்டுப் போங்கடி," என்றார் இருளப்பன். "ஆத்தாளக் கண்ணுல பாத்தாலாவது எறங்குவா."

பாலாமணி கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனாள். லயமே தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, பச்சைத் தண்ணி பல்லில் படாமல் விரதமாகப் படத்துக்கு வந்தது. கொட்டகை வாசலில் அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். டிக்கெட் கிழிக்கிற மலையாளத்து மோசஸ், செருப்புக் குவியலைப் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"எந்தா இது? செருப்புப் போட்டுட்டே வரலாம் சேட்டா! இது கோயிலில்ல!"

"நீ வேதக்காரன், ஒனக்கு என்ன தெரியும்? வழிய விடு," என்றார் இருளப்பன்.

உள்ளே மணல் தரை. தகரத்து ஓட்டைகளில் வெயில் காசு காசாக விழுந்தது. படம் ஆரம்பித்தது. மோசஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இங்கிலீஷ் படம் என்றால் மைக்கைப் பிடித்து ஜனங்களுக்குக் கதை சொல்வான். அவனுக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியும் என்பது வேறு விஷயம்.

"இந்தம்மா டாக்டரு. இவங்க மண்டையில கரண்டு பாஞ்சுபோச்சு. இனி இவங்க மனசுல நெனச்சாப் போதும், எல்லாம் நடக்கும்."

"அம்மன் எப்ப வரும்?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"அம்மனே கிடையாது பாட்டி. இது சயின்ஸு. மனசு சக்தி."

முணுமுணுப்புக் கிளம்பியது. இருளப்பன் எழுந்து நின்று திரும்பினார். "வெள்ளக்காரிக்கும் ஆத்தா எறங்குவா. அவுங்க ஊருல வேற பேரு சொல்லுவாங்க. உக்காந்து பாருங்க." ஜனம் உட்கார்ந்தது.

டாக்டரம்மா முறைத்துப் பார்த்தால் கரண்டி எழும்பிப் பறந்தது. கட்டியிருந்த நூல் நன்றாகத் தெரிந்தது. நாற்காலி பறந்தது. அதைத் தள்ளிய கையும் கைக்கடிகாரமும் ஓரத்தில் வந்துவிட்டுப் போயின. ஒரு கெட்டவனை அவள் தன் நெற்றியில் இரண்டு விரலை வைத்துப் பார்க்க, அவன் தலை ஊதிக்கொண்டே போய்ப் பட்டென்று வெடித்தது. ஆயுதபூஜைக்கு ஃபேக்டரி வாசலில் குங்குமம் கரைத்து உடைக்கிற பூசணிக்காய் அப்படியே. தலை போன ஆள் கீழே கிடந்தபடி தொடையைச் சொறிந்துகொண்டான்.

"செத்தவனுக்கும் கொசுக் கடிக்குதுங்க," என்று பாலாமணி காதோடு சொன்னாள். சின்னம்மை திரும்பவில்லை. ஆனால் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இவள் இப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து பாலாமணி கண்டதில்லை.

அப்புறம் டாக்டரம்மா கண்ணை மூடினாள். கடலுக்கு அந்தப் பக்கம், பனி கொட்டுகிற ஊரில், அவள் தம்பி ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பது திரையில் தெரிந்தது.

"இங்க இருந்தே அவனைப் பாக்குறாங்க," என்றான் மோசஸ். "உசுரோட இருக்கான்னு கண்டுபுடிச்சுட்டாங்க."

கொட்டகையில் இருமல்கூட நின்றது. கருப்பம்மா முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

தம்பியைக் காவல் காக்க ரப்பரில் செய்த எட்டுக்கால் மிருகம் ஒன்று. அதன் வயிற்றுக்குள் ஆள் நடக்கிற மூட்டு தெரிந்தது. டாக்டரம்மா முடியை விரித்து, கையைத் தூக்கி, உடம்பெல்லாம் நடுங்க, இருக்கிற சக்தியை எல்லாம் திரட்டி நின்றாள். மின்விசிறிக் காற்றில் முடி பறந்தது. அந்த நேரம் பார்த்து அவள் ஒட்டுமுடி ஒரு பக்கமாக வழுக்கிக் காதில் இறங்கியது. அவள் கையை இறக்கவில்லை. கண்ணை மட்டும் மெல்லப் பக்கத்தில் திருப்பி, நிறுத்தவா, இன்னும் ஆடவா என்று யாரையோ கேட்டாள்.

சின்னம்மை உடம்பு குலுங்கியது.

முதலில் சத்தமே இல்லை. தோள் மட்டும் ஆடியது. அப்புறம் தலை முன்னும் பின்னும் போயிற்று. கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. தொண்டையிலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பாலாமணி பயந்துபோய் அவள் கையைப் பிடித்தாள். பிடித்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அது சிரிப்பு. பல வருஷமாகச் சிரிக்காதவளுக்கு எப்படிச் சிரிப்பது என்று மறந்துபோயிருந்தது.

மற்றவர்களுக்கு அது தெரியுமா? பின்னாலிருந்து ஒருத்தி குலவை போட்டாள்.

"வந்துட்டா! ஆத்தா வந்துட்டா!" என்று இருளப்பன் அலறினார். மடியில் வைத்திருந்த கற்பூரத்தை யாரோ மணலில் கொளுத்தினார்கள்.

"ஏ, நெருப்பு! நெருப்பு! ஃபிலிம் புடிச்சுக்கும்டா!" என்று மோசஸ் மைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்து காலால் மண்ணைத் தள்ளி அணைத்தான். படம் நின்றது. விளக்குப் போட்டார்கள்.

கருப்பம்மா ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து சின்னம்மை காலில் விழுந்தாள். தாலியை வெளியே எடுத்து இரண்டு கையிலும் ஏந்தினாள்.

"ஆத்தா, இது இருக்கா, இல்லையா? சொல்லு தாயே. இருக்குன்னு சொல்லு!"

சின்னம்மைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எல்லா முகமும் அவளையே பார்த்தன. ராசு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு சொல் போதும். இருக்கான் என்றால் கருப்பம்மாவுக்குப் பொட்டு நிலைக்கும், இருளப்பனின் கல் சாமியாகிவிடும், அவளும் பழைய சின்னம்மை ஆகிவிடுவாள். பாலாமணிக்கே சொல்லிவிட்டால் என்ன என்று இருந்தது. சின்னம்மை பக்கத்தில் திரும்பி அவளைப் பார்த்தாள். பாலாமணி பிடித்திருந்த கையை விட்டாள்.

"எந்திரி கருப்பம்மா," என்றாள் சின்னம்மை. "ஆத்தா வரல. நான் சிரிச்சேன்."

"என்னது?" என்றார் இருளப்பன்.

"சிரிச்சேண்ணே. அந்தப் பொம்பளைக்கு ஒட்டுமுடி வழுக்கிருச்சு. சிரிப்பு வந்திருச்சு."

"அக்கா... என் புருசன்?"

"எனக்குத் தெரியாது. உசுரோட இருக்கானா இல்லையான்னு தெரியாது. எம் மக வேலாயி இருக்காளா இல்லையான்னே எனக்குத் தெரியாது. அங்கிட்டு என்ன நடந்துச்சுன்னு யாரும் எங்கிட்டச் சொல்லல. ஆத்தாளும் சொல்லல."

கருப்பம்மா மணலில் உட்கார்ந்தபடியே தாலியை உள்ளே போட்டுக்கொண்டாள்.

"ஊரே எழவு காத்துக் கெடக்கு, இவ சிரிச்சாளாம்," என்றாள் ஒருத்தி. "பெத்த மக அங்க கெடக்கா, இவளுக்குச் சிரிப்பு வருது பாரேன்." அதற்கப்புறம் ஆளுக்கு ஆள் பேசினார்கள். இருளப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஜனமெல்லாம் அவர் பின்னால் போயிற்று. வாசலில் செருப்புத் தேடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"படம் பாதி இருக்கு," என்றான் மோசஸ். "இருக்குறவங்க பாக்கலாம்."

"போலாமுங்களாக்கா?"

"முடியட்டும் தங்கச்சி."

டாக்டரம்மா தம்பியைக் காப்பாற்றினாள். ரப்பர் மிருகம் தீயில் உருகியது. சின்னம்மை கடைசி வரைக்கும் பார்த்தாள். வெளியே வந்து மூடுபனியில் நடக்கும்போது, "அவளும் என்னை மாதிரிதான் பக்கத்துல திரும்பிப் பாத்தா," என்றாள். கொஞ்ச தூரம் போய், "ஆனா நல்லா ஆடுனா," என்றாள்.

அன்றிலிருந்து லயத்தில் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பீலியில் தண்ணி பிடிக்கப் போனால் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். அவளுக்கு அது பெரிதாகப் பட்டதாகவும் தெரியவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், பலகையில் உட்கார்ந்து டீ குடித்தாள். சங்கிலிதான் வருவோர் போவோரிடமெல்லாம் சண்டைக்குப் போனான்.

தை பிறந்ததும் இருளப்பன் வேறு சாமியாடி கண்டுபிடித்துவிட்டார். அவர் மருமகள் தெய்வம்மா. முதல் தப்பு அடிக்கே துள்ளி எழுந்தாள். உத்தரவு கொடுத்தாள். ஜனம் வரிசையில் நின்று அண்ணனைக் கேட்டது, அக்காளைக் கேட்டது. எல்லாருக்கும் அவள் ஒரே சொல்தான் சொன்னாள். "இருக்காக, வருவாக." அழுதுகொண்டே விபூதி வாங்கினார்கள். புருஷனைப் பற்றிப் பெண்டாட்டிதான் கேட்க வேண்டும் என்று கருப்பம்மாவை ராசு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவள் கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். கேட்கவில்லை.

"கேக்காம நின்னா என்ன மதினி அர்த்தம்? அப்பச் செத்துட்டான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"நான் எதுவும் முடிவு பண்ணல."

தை அமாவாசைக் காலையில் ராசு எள்ளும் அரிசியும் வாழையிலையுமாக வாசலில் வந்து நின்றான். இரண்டு கிழவிகளும் கூட வந்திருந்தார்கள். கருப்பம்மா படங்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அன்றைய பொட்டு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"இங்க பாருங்க கொழுந்தனாரே. கேட்டவுகளுக்கெல்லாம் இருக்கான்னு ஒருத்தி சொல்றா. செத்திருப்பான்னு நீங்க சொல்றீங்க. தெரியாதுன்னு சொன்னவ சின்னம்மை ஒருத்திதான். அதான் நெசம். தெரியாத விசயத்துக்கு நான் எதுக்குத் தாலியக் கழட்டணும்? தெரியட்டும், கழட்டுறேன்."

"அண்ணன் ஆவி..."

"எள்ளுந் தண்ணியும் ஒங்கப்பனுக்கு எறைங்க. அவரு கண்டிப்பாச் செத்திருப்பாரு, அப்பவே இழுத்துக்கிட்டுத்தான் கெடந்தாரு."

கிழவிகளில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். ராசு அப்புறம் இலையைச் சுருட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் போய் அப்பனுக்கு மட்டும் இறைத்துவிட்டு வந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்துக்குக் கடைசி நாள். கருப்பம்மா தானாகவே சின்னம்மை வாசலில் வந்து நின்றாள். பாலாமணியும் சேர்ந்து மூன்று பேராகப் போனார்கள். மோசஸ் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "இன்னைக்குக் கற்பூரம் கொண்டு வரலீங்களே?" என்று கேட்டான். இந்தத் தடவை சின்னம்மைக்குச் சிரிப்பு வரவில்லை. தலை வெடித்தபோது கருப்பம்மா கண்ணைப் பொத்திக்கொண்டாள். ஒட்டுமுடி வழுக்குகிற இடம் வந்ததும் சின்னம்மை அவள் முழங்கையை இடித்து, "இப்பப் பாரு," என்றாள். கருப்பம்மா விரலிடுக்கு வழியாகப் பார்த்தாள். மறுநாள் படப்பெட்டி பிக்கட்டிப் பக்கம் போய்விட்டது என்றான் மோசஸ்.

அழகையா வரவில்லை. வேலாயியைப் பற்றியும் எந்தத் தகவலும் வரவில்லை. கருப்பம்மா தாலியோடுதான் கடைசி வரைக்கும் கொழுந்து எடுத்தாள். அவள் போனபோது ராசுதான் கொள்ளி வைத்தான். பாலாமணி கடையை அவள் மகன் பார்க்கிறான்.

சின்னம்மை இப்போது அதே மலையில், ஸ்ரீமதுரையில், சங்கிலி வீட்டில் இருக்கிறாள். காது கேட்காது. கண் நன்றாகத் தெரிகிறது; டீவியில் படம் போட்டால் முடிகிற வரைக்கும் பார்க்கிறாள்.